எட்டு மணி வரை செய்தியைப் பூட்டி வைக்காதீர்கள்

கேள்வி: என் அப்பா 2003 முதல் கடலூரில் லோக்கல் கேபிள் சேனல் நடத்துகிறார். இரவு 8 மணிச் செய்திதான் எங்கள் அடையாளம். நெல்லிக்குப்பம், பண்ருட்டி வரை போகும். எங்களையும் சேர்த்து எட்டுப் பேர் வேலை செய்கிறோம். சில வருடங்களாக கேபிள் இணைப்புகள் குறைந்துகொண்டே வருகின்றன. பெங்களூரு வேலையை விட்டு ஊர் திரும்பிய நான், ஒரு வருடமாக அதே அரை மணி நேரச் செய்தியை அப்படியே யூடியூபில் ஏற்றுகிறேன். நூறு பேர் பார்த்தாலே அதிகம். சாத்தனூர் அணை திறந்த அன்று எங்கள் ரிப்போர்ட்டர் விடியற்காலையிலேயே பெண்ணையாற்றுப் பாலத்தில் நின்றார். எடுத்ததை இரவு எட்டு மணிக்குப் போட்டோம். பாதி ஊரில் கரண்ட் இல்லை, யாரும் பார்க்கவில்லை. இப்போது ஒருவர் மூன்றரை லட்சத்துக்கு ஆப் செய்து தருவதாகச் சொல்கிறார். அப்பாவோ, "நெட்டில் முதலில் போட்டுவிட்டால் டிவியை யார் பார்ப்பார்கள்?" என்கிறார். கேமராமேன் அண்ணனுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, பாலத்தில் நின்ற ரிப்போர்ட்டரைப் பற்றியது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. இங்கே புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் முழங்கால் தண்ணீர், கரண்ட் கிடையாது. அது வடியும் முன்பே, டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். என் சித்தி மகன் குடும்பம் உங்கள் கடலூரில், பெண்ணையாற்றங்கரையோர நாணமேட்டில் இருக்கிறது. பவர் பேங்கில் மிச்சமிருந்த சார்ஜில் போனைத் தட்டிக்கொண்டே இருந்தேன். எத்தனை கனஅடி என்று எல்லா இடத்திலும் இருந்தது. நாணமேட்டுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா, எந்த வழியாக வெளியே வரலாம் என்பதை யாரும் சொல்லவில்லை. அந்தப் பதில் உங்கள் ரிப்போர்ட்டர் கையில் இருந்திருக்கிறது. எட்டு மணிக்காகக் காத்திருந்திருக்கிறது.

அதனால் அப்பாவின் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். அவர் கேட்பது சாதாரணக் கேள்வி இல்லை. நான் வேலை பார்த்த சேட்டிலைட் சேனலில் இதே கேள்வி வருடக்கணக்கில் ஓடியது. இணையத்துக்கு டிஜிட்டல் டெஸ்க் என்று தனியாக நான்கு பிள்ளைகளை மேல்மாடியில் உட்கார வைத்தார்கள். கீழே, ரிப்போர்ட்டர்கள் அனுப்புவதை வாங்கும் இன்புட் டெஸ்க்கில் விஷுவல் வந்து கிடக்கும். மேலே இருக்கும் பிள்ளைகள் கேட்டால், கீழே இருப்பவர்கள் "டிவியில் போகட்டும், அப்புறம் தருகிறோம்" என்பார்கள். அதே விஷுவலைச் சம்பவ இடத்தில் நின்ற யாரோ ஒருவர் செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டிருப்பார், ஊரே பார்த்து முடித்திருக்கும். நாங்கள் எங்கள் செய்தியை எங்களிடமிருந்தே பாதுகாத்துக்கொண்டிருந்தோம். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: மாலை நான்கு மணிக்கு நடந்தது நான்கு மணிக்கே போனுக்குப் போகட்டும். எட்டு மணிக்கு அதன் பின்னணி, அதிகாரியின் பதில், அடுத்த நாள் என்ன ஆகும் என்பது இருக்கட்டும். நான்கு மணிக்குப் பார்த்தவருக்கும் எட்டு மணிக்கு உட்கார ஒரு காரணம் இருக்கும். கரண்ட் போனால் வீட்டு டிவி மட்டும் அணைவதில்லை, தெருவில் இருக்கும் கேபிள் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்தே அணைகிறது. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது அவருக்குத் தெரியாததா? ஊருக்கு நீங்கள் அதிகம் தேவைப்படும் நாளில்தான் டிவி கைவிடுகிறது.

நீங்கள் அனுப்பிய பென்டிரைவில் ஜூன் மாதச் செய்தி ஒன்றை முழுதாகப் பார்த்தேன். 32 நிமிடம். டைட்டில் இசை, வணக்கம், தலைப்புச் செய்திகள், விளம்பரம் எல்லாம் போய் முதல் செய்தி தொடங்கவே மூன்று நிமிடம் ஆகிறது. போனில் பார்ப்பவர் இதற்குள் வேறெங்கோ போயிருப்பார். பத்தொன்பதாவது நிமிடத்தில் ஒரு செய்தி: 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் முதுநகர் துறைமுகத்துக்குத் திரும்பிய முதல் நாள். உங்கள் கேமராமேன் அண்ணன் ஏலத்துக்கு நடுவே போய் நின்றிருக்கிறார். கூடையை ஒரு காலால் அணைத்தபடி ஒரு அம்மா விலை கூவுகிறார், எதிரே ஒருவர் விரலை மட்டும் காட்டுகிறார், அடுத்த விநாடி கூடை கைமாறுகிறது. அவ்வளவு அழகான காட்சியை 40 விநாடிக்கு வெட்டி, அந்த அம்மாவின் குரலை அமுக்கி, மேலே "மீனவர்கள் மகிழ்ச்சி" என்று வாய்ஸ் ஓவர் போட்டிருக்கிறீர்கள்! அந்த ஏலத்தை மூன்று நிமிடம், குரலைத் தொடாமல், தனி வீடியோவாகப் போட்டிருக்க வேண்டும். கூடவே, அன்று வஞ்சிரம் என்ன விலை, சங்கரா என்ன விலை என்று போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த ஒரு நிமிட ஷார்ட்ஸ் (யூடியூபின் குட்டி வீடியோ). வெளிநாட்டில் இருக்கும் கடலூர்க்காரர்கள் இதற்காகவே உங்கள் சேனலைத் தேடி வருவார்கள்.

அரை மணி நேரத்தை அப்படியே ஏற்றுவதில் நீங்கள் செய்த தவறு உங்களுடையது மட்டுமில்லை. சிஎன்என் 1995லும் பிபிசி 1997லும் செய்தி இணையதளம் தொடங்கின. அன்று முதல் ஒவ்வொரு டிவி நிறுவனமும் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரு பெட்டியில் இருந்ததை இன்னொரு பெட்டிக்கு மாற்றினால் போதும் என்றே நினைத்தது. அல் ஜசீரா டிவி 2014இல் ஏஜே பிளஸ் என்ற இணையச் சேவையைத் தொடங்கியபோது டிவி செய்தியை அதில் திருப்பிப் போடவில்லை. போனுக்கென்றே சின்ன வீடியோக்கள் செய்தார்கள். சத்தமில்லாமல் பார்த்தாலும் புரியும்படி எழுத்து ஓடும். திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்ப்பவருக்கும் அதுதான் வேண்டும். நம் ஊரில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, பஸ்ஸில் வீடியோ பார்ப்பது எல்லோருக்கும் சாத்தியமாகிவிட்டது.

ஆப் வேண்டாம். சிஎன்என் பெரும் பணம் கொட்டி 2022 மார்ச் இறுதியில் 'சிஎன்என் பிளஸ்' என்ற கட்டணச் சேவையைத் தொடங்கியது. ஏப்ரல் முடிவதற்குள் மூடிவிட்டார்கள். ஒரு மாவட்டச் செய்திக்காக யாரும் போனில் தனியாக ஒரு ஆப் இறக்க மாட்டார்கள். ஏற்கனவே திறந்து வைத்திருக்கும் இடத்துக்கு நீங்கள்தான் போக வேண்டும். யூடியூப், வாட்ஸ்அப் சேனல், எளிமையான ஓர் இணையதளம், இது மூன்றும் போதும். இணையதளத்தில் வீடியோவைவிட எழுத்துக்கு வேலை அதிகம். நாளை எந்தப் பகுதியில் மின்தடை, மழைக்குப் பள்ளி விடுமுறையா, பண்ருட்டி மண்டியில் பலா என்ன விலை. கூகுளில் மக்கள் தட்டுவது இதைத்தான்.

மூன்றரை லட்சத்தில் ஒரு பகுதியை இரண்டு நல்ல போன், இரண்டு காலர் மைக், ஒரு எடிட்டிங் கம்ப்யூட்டருக்குச் செலவிடுங்கள். கேமராமேன் அண்ணனை எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பிவிடாதீர்கள். அந்த ஏலத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறதே, அதை சென்னையிலிருந்து வரும் எந்த டீமாலும் கொண்டுவர முடியாது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுக்க அவர் ஒரு வாரத்தில் பழகிவிடுவார். நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள், பொடிப் பையனைவிட்டுச் சொல்ல வைக்காதீர்கள்.

வருமானம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். யூடியூப் விளம்பரத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் வழியாக என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வைகள். முழு வீடியோ விளம்பரத்தில் நமக்கு 55 சதவீதம். மாவட்ட அளவிலான பார்வைக்கு இது எட்டுப் பேர் சம்பளம் ஆகாது. உங்கள் சோறு அப்பாவின் விளம்பர நோட்டில்தான் இருக்கிறது. நகைக்கடை, பள்ளி அட்மிஷன், பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி. அதே கடைக்காரரிடம் போய், "கேபிளில் ஸ்க்ரோல், யூடியூபில் உங்கள் பெயர், இரண்டும் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே ரேட் பேசச் சொல்லுங்கள். பணம் வாங்கிப் போடுவது விளம்பரம் என்று வீடியோவிலேயே எழுதிவிடுங்கள்.

கேபிளில் இருந்த ஒரு பழக்கத்தை அடியோடு விட வேண்டும். செய்திக்கு நடுவே பின்னணியில் சினிமாப் பாட்டு. உங்கள் பென்டிரைவில் நான்கு இடத்தில் வருகிறது. யூடியூபின் கருவி அதைப் பிடித்துவிடும். விளம்பரப் பணம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும், அல்லது வீடியோவே தடைபடும். 90 நாளுக்குள் மூன்று காப்புரிமை ஸ்ட்ரைக் (மீறல் எச்சரிக்கை) வந்தால் சேனலையே எடுத்துவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இதை எழுத எனக்கு இன்றும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நான் டெஸ்க்கில் இருந்தபோது ஒரு திருட்டு வழக்குச் செய்தியில் தவறான ஆளின் படத்தைப் போட்டுவிட்டோம். அதே பெயர், அதே ஊர், வேறு மனிதர். ஒரு மணி நேரத்தில் தெரிந்தது. டிவியில் அன்று இரவே வருத்தம் தெரிவித்தோம், விஷயம் முடிந்தது என்று வீட்டுக்குப் போனேன். எட்டு மாதம் கழித்து அவர் ஆபீஸ் வாசலில் நின்றார். கையில் போன். யூடியூபில் அந்தப் பழைய செய்தி அப்படியே இருந்தது. யாரும் நீக்கவில்லை, நீக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவர் பெயரைத் தேடியிருக்கிறார்கள். அவர் சத்தம் போடவில்லை. "இதை எடுத்துடுங்க சார்" என்று மட்டும் சொன்னார். எடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

கேபிளில் தவறு மறுநாள் கரைந்துவிடும். நெட்டில் கரையாது. அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் போடுங்கள்: என்ன ஏற்றினோம், எப்போது, என்ன புகார் வந்தது, என்ன திருத்தினோம். 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளும் இணையத்தில் செய்தி வெளியிடுபவர்கள் ஒரு குறைதீர் அலுவலரை வைத்து, புகாருக்கு 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கின்றன. விதிகளின் சில பகுதிகளுக்கு பம்பாய், சென்னை உயர் நீதிமன்றங்கள் அந்த வருடமே இடைக்காலத் தடை விதித்தன. எனவே தொடங்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். போக்சோ வழக்கில் குழந்தையின் பெயர், முகம், பள்ளி, தெரு எதுவும் வரக்கூடாது. இது கேபிளுக்கும் பொருந்துகிற சட்டம்தான். ஆனால் லோக்கல் சேனல்களில் "எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று தெருப் பெயரைச் சொல்லிவிடும் பழக்கம் இருக்கிறது. நெட்டில் அந்தக் குழந்தை வளர்ந்த பிறகும் அது அங்கேயே இருக்கும்.

கடைசியாக, அப்பாவின் அலமாரி. 2003 முதல் என்றால் மினி-டிவி (MiniDV) கேமரா கேசட்டுகள் நிறைய இருக்க வேண்டும். கடலோர ஈரத்தில் டேப் பூஞ்சை பிடித்துப் போயிருக்கும் அபாயம் உண்டு, ஓட்டிப் பார்க்கும் கருவிகளும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகின்றன. தானே புயல் அடித்த மறுநாள் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகள் வரிசையாகச் சாய்ந்து கிடந்ததை அப்பா படம் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். மாவட்டத்தில் வேறு எத்தனை பேரிடம் அது இருக்கும்? சுனாமி டேப்புகளும் இருந்தால் அவற்றையும் டிஜிட்டலாக்கிப் பத்திரப்படுத்துங்கள், ஆனால் இறந்தவர்கள் முகம் தெரியும் பகுதிகளை வெளியிட வேண்டாம், அந்தக் குடும்பங்கள் இன்னும் தேவனாம்பட்டினத்தில் இருக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு கேசட்டிலும் தேதியும் இடமும் எழுதி ஒட்டுங்கள். எது எந்த ஊர் என்று அவருக்குத்தான் தெரியும். தானே புயல் கேசட்டை முதலில் எடுங்கள்.