தாய்மாமன் தரும் நாய்க்குட்டியை வாங்கலாமா?

கேள்வி: எங்கள் சொந்த ஊர் கம்பம் பக்கம். கணவர் ஜீப் ஓட்டுவதால் சில ஆண்டுகளாகக் குமுளியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இரண்டே அறை, பின்புறம் ஏலத்தோட்டம். பத்து வயது மகன் நாய் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். உத்தமபாளையத்தில் இருக்கும் என் அண்ணன், மருமகனுக்கு ஒரு கோம்பை இன நாய்க்குட்டி தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். வாசலில் கட்டிப்போட்டால் காவலுக்கு ஆகும் என்கிறார் கணவர். எங்களுடன் இருக்கும் மாமியாருக்கு இளைப்பு நோய் (ஆஸ்துமா) உண்டு. நாய் வந்தால் ஊருக்குப் போய்விடுவேன் என்கிறார். நான்கு வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். நான் பகலில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறேன். குட்டியை வாங்கிக்கொள்வதா, அண்ணன் மனம் நோகாமல் மறுப்பதா? நாய் ஒத்துவராது என்றால் கிளியாவது வாங்கித் தரலாமா?
— ஒரு வாசகி, குமுளி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் வீட்டுக்கு நாய் வரலாம். ஆனால் கோம்பைக் குட்டி வர வேண்டாம். அதற்கும் முன்னால், உங்கள் மாமியார் சரி என்று சொல்லாமல் எந்த நாயும் வர வேண்டாம்.

கடைசியில் சொன்னதையே முதலில் விளக்குகிறேன். கணவர் காலையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நீங்கள் வேலைக்கும், மகன் பள்ளிக்கும் போய்விடுவீர்கள். வீட்டில் இருக்கப்போவது மாமியார்தான். எட்டு வாரக் குட்டிக்கு ஒரு நாளில் நான்கு வேளை உணவு வேண்டும். தூங்கி எழுந்தவுடனும் சாப்பிட்டவுடனும் வெளியே தூக்கிக்கொண்டு போனால்தான் அது வீட்டுக்குள் அசுத்தம் செய்யாமல் பழகும். நாய் மகனுடையது என்று பேரளவில் சொல்லிக்கொள்ளலாம். பகல் முழுவதும் அது உங்கள் மாமியாரின் பொறுப்பில்தான் இருக்கப்போகிறது. அந்த வேலையை யார் தலையில் வைக்கப்போகிறோமோ அவரைக் கேட்காமல் மற்ற நால்வரும் முடிவெடுப்பது நியாயமில்லை. அவருடைய மறுப்பைப் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். மூச்சுத் திணறும்போது படும் வேதனை, பட்டவருக்குத்தான் தெரியும்.

நாயின் முடிதான் இளைப்பைத் தூண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், அதன் தோலிலிருந்து உதிரும் நுண்ணிய செதில்களிலும் எச்சிலிலும் உள்ள புரதங்களே ஒவ்வாமைக்குக் காரணம். ஆகவே முடி குறைந்த நாய் என்றால் தொல்லை இல்லை என்று சொல்வதற்கில்லை. இளைப்பு உள்ள எல்லோருக்கும் நாய் ஒத்துக்கொள்ளாது என்பதுமில்லை. அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் இதை வெளிப்படையாகக் கேளுங்கள். பிறகு, நாய் வளர்க்கும் உறவினர் வீட்டில் அவரைச் சில முறை நன்றாக உட்கார வைத்துப் பாருங்கள். மூச்சு வாங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது; மகனிடம் காரணத்தைச் சொல்லுங்கள், பத்து வயதுப் பிள்ளை புரிந்துகொள்வான். தொல்லை இல்லையென்றால்கூட, மாமியார் படுக்கும் அறைக்குள் நாய் ஒருபோதும் நுழையக் கூடாது என்பதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்குங்கள்.

இனி கோம்பை பற்றி. மலையடிவாரத்துக் கோம்பை ஊரின் பெயரைத் தாங்கிய அந்த இனத்தின் மீது கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இருக்கும் பெருமிதம் எனக்கும் உண்டு. செம்பழுப்பு உடலும் கரிய முகவாயுமாக அது நிற்கும் நிமிர்வே தனி. ஆனால் அது வேட்டைக்கும் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட நாய். ஓடுவதற்குத் தோட்டமும், அதன் குணம் அறிந்த ஆளும் அதற்கு வேண்டும். இரண்டு அறை வாடகை வீட்டில், வாசலில், சங்கிலியில் அதைக் கட்டிப்போட்டால் என்ன நடக்கும் என்பதை உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள்: போகிற வருகிறவர்களைப் பார்த்து நாள் முழுவதும் சங்கிலியை இழுத்து இழுத்து, ஆளைக் கண்டாலே சீறும் நாயாக அது மாறும்; ஒரு நாள் சங்கிலி அறும்போது எதிரே நிற்பது பக்கத்து வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். காவலுக்கு நல்ல நாய் என்பது, வீட்டாரோடு பழகி, யார் வேண்டியவர், யார் அந்நியர் என்று தெரிந்துகொண்ட நாய். எப்போதும் கட்டியே கிடக்கும் நாய்க்கு அதைக் கற்க வழியே இல்லை. நாயை வழக்கமாகக் கட்டியே வைத்து, நடமாட விடாமல் இருப்பது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சரிப்படவில்லை என்று வளர்த்த நாயைத் தகுந்த காரணமின்றிக் கைவிடுவதும் அதே சட்டத்தின்படி குற்றமே. மலைக்குக் கீழே லோயர் கேம்ப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தோம் என்று சிலர் சர்வ சாதாரணமாகச் சொல்வதைக் கேட்கும்போது மனம் பதறுகிறது.

உங்களுக்கு ஏற்றது ஒரு நாட்டு நாய்க்குட்டி, அதிலும் பெண் குட்டி. தெருவில் ஈன்ற நாயின் குட்டிகளில் ஆண் குட்டிகளை ஆட்கள் எடுத்துப் போய்விடுகிறார்கள். பெண் குட்டிகள் மழையிலும் வண்டிச் சக்கரத்திலும் சாகின்றன. பெண் நாய்க்கு வீட்டோடு ஒட்டுதல் குறைவு என்பதெல்லாம் கட்டுக்கதை. ஆறு மாதத்துக்குப் பிறகு மருத்துவர் சொல்லும் நேரத்தில் கருத்தடை அறுவை செய்துவிட்டால், ஆண்டுக்கு இரண்டு முறை வாசலில் ஆண் நாய்கள் கூடும் தொல்லையும், இரண்டே மாதத்தில் பிறந்துவிடும் குட்டிகளை யாரிடம் தள்ளிவிடுவது என்ற தவிப்பும் இருக்காது. நாட்டு நாய் இந்த மண்ணின் வெயிலுக்கும் குளிருக்கும் பழகியது. தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் மட்டும் பிரிக்காதீர்கள்.

எப்போது கொண்டுவருவது என்பதும் முக்கியம். கேரளத்தில் பள்ளிகளுக்கு ஏப்ரலும் மே மாதமும் விடுமுறை. ஏப்ரல் முதல் வாரத்தில் குட்டி வந்தால், இரண்டு மாதம் மகனே பகலில் உடனிருந்து பழக்கலாம். பாட்டிக்கும் பாரம் குறையும். இன்னொரு காரணமும் உண்டு. பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையாகப் பதினாறு வாரம் வரை போட வேண்டும். ஏப்ரலில் தொடங்கினால், ஜூன் மழை கனக்கும்போது ஊசிகள் பெரும்பாலும் முடிந்திருக்கும். உங்கள் பக்கத்து மழைக்காலம் எலிக்காய்ச்சலின் காலம். எலியின் சிறுநீர் கலந்து தேங்கிய நீரிலிருந்து அது நாய்க்கும் வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். அதற்கான ஊசியும் அந்தக் கூட்டுத் தடுப்பூசியில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கிவிடாதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வாந்தியும் இரத்தப் பேதியுமாக இரண்டொரு நாளில் குட்டியைக் கொன்றுவிடும்.

மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. பிறகு மருத்துவர் சொல்லும் மறு ஊசி. அதன்பின் ஆண்டுதோறும் தவறாமல். குமுளி பஞ்சாயத்து எல்லைக்குள் நாய் வளர்க்க உரிமம் எடுக்க வேண்டும். அதற்கும் இந்த ஊசிச் சான்று தேவை. மாட்டாஸ்பத்திரி என்று நாம் அழைக்கும் அரசு கால்நடை மருத்துவமனையிலேயே இதைப் போட்டுக்கொள்ளலாம். ஊசி அட்டையைக் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லியாக வேண்டும். இதன் கிருமி எச்சிலில் இருந்து காயத்தில் நுழைந்து, நரம்பு வழியாக மூளையை நோக்கி ஊர்ந்து போகிறது. அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அறிகுறி தெரிவதற்கு முன் ஊசி போட்டுக்கொண்டால் அநேகமாக யாரும் சாவதில்லை. குட்டி நாய்தானே, இரத்தம் வரவில்லையே, நகம்தானே பட்டது என்று விட்டுவிடுவதில்தான் உயிர்கள் போகின்றன. வெளி நாயோ பூனையோ யாரைக் கடித்தாலும், பிறாண்டினாலும், உடனே குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிற நீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே முதல் நாளும், பிறகு 3, 7, 28 ஆகிய நாள்களிலும் ஊசி போடுவார்கள். காயம் ஆழமானால் காயத்தைச் சுற்றியே வேறொரு மருந்தும் செலுத்துவார்கள். ஊசி போட்ட வீட்டு நாய் கடித்தாலும் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். இதை மகனுக்கும் நீங்களே உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். திட்டுவார்களோ என்ற பயத்தில் கடிபட்டதைப் பிள்ளைகள் மறைப்பது உண்டு.

வீட்டுக்குப் பின்னால் ஏலத்தோட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்தடித்த தோட்டத்துக்குள் நாய் போய் வந்து காலை நக்கினால் விஷம் உள்ளே போய்விடும். வாயில் எச்சில் ஒழுகி, உடல் வெடவெடவென்று நடுங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவரிடம் தூக்கிப்போங்கள். தோட்டத்துக்காரர் மருந்தடிக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு அன்றும் அடுத்த சில நாள்களும் நாயை உள்ளேயே வைத்திருங்கள். இரவில் வெளியே விடவே கூடாது. தேக்கடிக் காடு உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சிறுத்தைக்கு நாய் எளிய இரை. நாய் காட்டுக்குள் போய் மானை விரட்டுவதும், தன் நோய்களை அங்குள்ள விலங்குகளுக்குக் கொடுத்துவிட்டு வருவதும் அதே அளவு கெடுதி.

உண்ணி பார்ப்பதை மகனின் தினசரி வேலையாகக் கொடுங்கள். காதை மடித்து உள்பக்கம், கழுத்துப் பட்டையின் அடியில், கால்விரல்களின் இடுக்கில், வால் தொடங்கும் இடத்தில் விரல் நுனியால் தடவிப் பார்த்தால் மிளகுபோல் உருண்டையாகத் தட்டுப்படும். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். விரலால் நசுக்கக் கூடாது. உண்ணி கடியால் வரும் காய்ச்சல், சாப்பாட்டை வெறுக்கவைத்து, ஈறு வெளுக்கும்வரை நாயை உருக்கிவிடும்.

சாப்பாட்டில் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, மீந்த சாம்பார் சாதம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சின்ன வெங்காயத்தை அரைத்துவிட்ட குழம்பை நாள்தோறும் போடுகிறவர்கள் தெரியாமலே செய்கிற கெடுதி அது. திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பு ஆகியவையும் கூடாது. உப்பும் காரமும் இல்லாமல் வெந்த சோறு, முட்டை, எலும்பில்லாத கறி, வேகவைத்த பூசணி, கேரட் போதும்.

நான்கு வயது மகளையும் நாயையும் எவ்வளவு சாதுவான நாயானாலும் தனியே விடாதீர்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது என்பதை அவளுக்குப் பழக்குங்கள்.

இத்தனையும் படித்துவிட்டு, பிறகு எதற்கு நாய் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பதற்கு உரிமையும் உண்டு. ஏனெனில் இந்த வேலையில் பாதி உங்கள் தலையில்தான் விழும். பத்து வயதில் மகன் வாங்கும் குட்டி, அவன் கல்லூரிக்குப் போகும்போது கிழமாகத் தொடங்கியிருக்கும். அதன் கண் மங்கும் காலத்தில் உடனிருப்பது நீங்கள்தான். வீரபாண்டித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு மலையிறங்கும்போதும், அதற்குச் சோறு வைக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் இறங்க முடியும். அப்படியும் நான் வளர்க்கச் சொல்வது, அது தருவதை வேறெதுவும் தருவதில்லை என்பதை உறுதியாக நம்புவதால். வளைவுகளில் ஏறிவரும் எத்தனையோ ஜீப்புகளில் உங்கள் கணவரின் ஜீப் எது என்பது உங்கள் எவர் காதுக்கும் எட்டுமுன் நாய்க்குத் தெரிந்துவிடும். அது எழுந்து போய் வாசலில் நிற்பதைப் பார்த்து நீங்கள் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பீர்கள். மதிப்பெண் குறைந்த நாளில் யாரிடமும் பேசாத பிள்ளை, படிக்கட்டில் உட்கார்ந்து அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். தன்னை நம்பி ஓர் உயிர் பசியோடு காத்திருக்கிறது என்பதற்காக விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவரும் பிள்ளையை, அறிவுரையால் மட்டும் நாம் உருவாக்கிவிட முடியாது. நாள் முழுவதும் தனியாக இருக்கும் உங்கள் மாமியாருக்கும் பேச்சுத்துணை கிடைக்கும். வேண்டாம் என்று சொன்ன பெரியவர்களே பிறகு மடியில் கிடத்திக்கொள்வதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நம்பிக்கையில் அவரை வற்புறுத்த வேண்டாம்.

அண்ணனிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். தொலைபேசியில் வேண்டாம், கணவரை விட்டும் சொல்லவைக்க வேண்டாம். தாய்மாமன் சீராகக் கொடுப்பதை மறுத்தால் மனம் கோணும் என்ற உங்கள் அச்சம் புரிகிறது. மறுக்க வேண்டியதில்லை. அந்தக் கோம்பைக் குட்டிக்கு மருமகனே பெயர் வைக்கட்டும். அது அண்ணனின் தோட்டத்திலேயே, ஓட இடத்தோடு வளரட்டும். விடுமுறைக்கு இறங்கும்போதெல்லாம் அவன் அதனோடு இருக்கட்டும். குமுளியில் வளரப்போகும் நாட்டுக்குட்டியின் தடுப்பூசிச் செலவை மாமன் ஏற்றுக்கொள்ளட்டும் என்று உரிமையோடு கேளுங்கள். வீட்டு உரிமையாளரிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.

கிளி வேண்டாம். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சந்தையில் யாராவது விற்றாலும் வாங்கக் கூடாது. லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் ஆஸ்திரேலியச் சிறுகிளிகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் அவற்றின் இறகுத் தூளும் இளைப்பைத் தூண்டக்கூடியதே. ஆகவே மருத்துவரிடம் நாயைப் பற்றிக் கேட்கும்போது பறவையைப் பற்றியும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். அவர் சரி என்றால், ஒன்றாக வாங்காமல் ஜோடியாக வாங்கி, சிறகடிக்க இடமுள்ள அகலமான கூண்டில், அடுப்புப் புகை எட்டாத, மழைச்சாரல் அடிக்காத இடமாகப் பார்த்து வையுங்கள்.