அரியலூர் சுண்ணாம்புக்கல்லில் இவ்வளவு சிப்பிகள் இருக்கின்றனவே, அங்கே ஆழ்கடலா இருந்தது?

இல்லை, பெரும்பாலும் ஆழமில்லாத கடல்தான். கிரெட்டேசியஸ் காலத்தில் (டைனோசர்கள் வாழ்ந்த காலத்தின் கடைசிப் பகுதி) கடல் உள்ளே ஏறி வந்து, பின்வாங்கி, மறுபடி வந்திருக்கிறது.

எப்படித் தெரியும் என்றால், டால்மியாபுரம் (கல்லக்குடி) பக்கம் போய்ப் பாருங்கள். அங்குள்ள பழைய சுண்ணாம்புக்கல்லில் பவளங்களோடு சுண்ணாம்புப் பாசிகளும் சேர்ந்து கிடக்கின்றன. பாசிக்கு வெயில் வேண்டும், வெயில் எட்டாத ஆழத்தில் அது வளராது. இந்த ஒன்றே பாதிக் கேள்விக்குப் பதில்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சிப் பாறை. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. கிரைஃபியா என்ற தடித்த ஓட்டுச் சிப்பி அங்கே படுக்கை படுக்கையாக அடுக்கியிருக்கும், கூடவே இனோசெராமஸ் (அழிந்துபோன இன்னொரு சிப்பி வகை), பிரையோசோவா (கூட்டமாக ஒட்டி வாழும் நுண்ணிய கடலுயிரி), கடல் முள்ளெலி எல்லாம் உண்டு. கையில் எடுத்தால் முதலில் கவனிக்க வேண்டியது, இரண்டு ஓடும் மூடியபடி ஒன்றாக இருக்கின்றனவா, அல்லது தனித்தனியாக உடைந்து தேய்ந்து கிடக்கின்றனவா என்பதுதான். மூடியே இருந்தால் உயிரோடு இருந்த இடத்திலோ அதன் பக்கத்திலோ சட்டென்று புதைந்தது என்று பொருள். நொறுங்கிக் கலந்திருந்தால் அலையோ புயலோ வாரிக்கொண்டு வந்து கொட்டியது. அப்படி அலை அடித்துக் கலைக்கிற அளவுக்குத்தான் ஆழம்.

கரையும் தொலைவில் இல்லை. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் (கல்லாக மாறிய மரம்) கிடக்கிறதே, அது நிலத்தில் வளர்ந்து கடலுக்கு அடித்து வரப்பட்ட மரம்!

இந்தப் பாறைகளில் கிடைக்கும் அம்மோனைட்டை (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரி) மட்டும் வைத்து ஆழத்தைச் சொல்லிவிடாதீர்கள், அது நீந்தித் திரிந்த உயிரி, செத்த பிறகு அதன் ஓடு மிதந்து எங்கேயும் போய்ச் சேரும்.