ஹிரோஃபுமி உஸாவா: கேள்வி பதில்

கேள்வி: ஜப்பானியப் பொருளியலாளர் உஸாவா முறைப்படி பொருளியல் படித்தவரே இல்லையாமே?

பதில்: 1951இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் முடித்தது கணிதம். பொருளியல் பிறகு தேடிக்கொண்டது. கட்டுரையொன்றை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த பொருளியலாளர் கென்னத் ஆரோவுக்கு அனுப்ப, 1956இல் அங்கே இடம் கிடைத்தது. முனைவர் பட்டம் 1962இல்தான், அதுவும் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில். ஆரோவோடும் பொருளியலாளர் லியோனிட் ஹர்விச்சோடும் சேர்ந்து உகமமாக்கல் (வரம்புகளுக்குள் சிறந்த தீர்வைத் தேடும் கணிதம்) நூல் வெளியிட்ட 1958இல் அவர் 'டாக்டர்' அல்ல!

கேள்வி: நுகர்பொருள், முதலீட்டுப் பொருள் என இரு துறைகளாகப் பொருளாதாரத்தைப் பிரிக்கும் அவருடைய 1961 இருதுறை வளர்ச்சி மாதிரியில், நுகர்பொருள் துறைக்கு மூலதனச் செறிவு (உழைப்போடு ஒப்பிட்ட மூலதன அளவு) கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறாரே, ஏன்?

பதில்: முதலில் அவருடைய அனுமானத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கூலி முழுதும் செலவாகும், லாபம் முழுதும் முதலீடாகும். இப்போது நிபந்தனையைத் தலைகீழாக்குங்கள்: முதலீட்டுப் பொருள் துறைக்கே மூலதனச் செறிவு கூடுதல். முதலீட்டுப் பொருளின் விலை ஏறினால் மூலதனத்தின் வருவாய் ஏறும். அந்த வருவாய் முழுக்க முதலீட்டுப் பொருளுக்கே போகும். விலை ஏற ஏறத் தேவையும் ஏறலாம், ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட சமநிலைகள் வரலாம். நிபந்தனை இருந்தால் அதே விலையேற்றம் கூலியைத்தான் உயர்த்தும், மூலதன வருவாய் குறையும், சிக்கல் எழாது. தேவையான நிபந்தனை என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். போதுமான நிபந்தனை மட்டுமே.

கேள்வி: சீரான வளர்ச்சிக்கு (உற்பத்தியும் மூலதனமும் மாறாத வீதத்தில் வளர்வதற்கு) தொழில்நுட்பம் உழைப்பின் திறனைத்தான் பெருக்க வேண்டும் என்பது அவர் தேற்றம். மூலதனத்தையும் உழைப்பையும் அடுக்குகளாகப் பெருக்கி உற்பத்தியைக் காட்டும் காப்-டக்ளஸ் சார்பில் எந்த வகை முன்னேற்றமும் சரியாக வருகிறதே?

பதில்: முரண்பாடு இல்லை. காப்-டக்ளஸில் மூலதனத்தைப் பெருக்கும் காரணியை அடுக்குக்குறி வழியே உழைப்பின் பக்கம் மாற்றி எழுதிவிடலாம். வேறு உற்பத்திச் சார்பு எடுத்தால் அது நடக்காது.

கேள்வி: மாணவர்கள்?

பதில்: ஸ்டான்ஃபோர்டில் பொருளியலாளர் டேவிட் காஸ். பிறகு உஸாவா சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1965 கோடையில் அங்கே வந்து அவரோடு படித்தவர்களில் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஸ்டிக்லிட்ஸும் ஆகர்லாஃபும் உண்டு.

கேள்வி: சிகாகோ பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு ஏன் ஜப்பானுக்குத் திரும்பினார்?

பதில்: வியட்நாம் போரை எதிர்த்தவர், அதையே முக்கியக் காரணமாகச் சொல்வார்கள். 1968இல் டோக்கியோவில் ஏற்றது இணைப் பேராசிரியர் பதவி, ஒரு படி கீழே. மறு ஆண்டு பேராசிரியரானார்.

கேள்வி: கார்களால் சமூகம் சுமக்கும் செலவு கார் ஒன்றுக்கு ஆண்டுக்கு 20 லட்சம் யென் என்ற அவருடைய கணக்கு மிகையில்லையா?

பதில்: 1974 நூலில் வருவது. ஜப்பானியப் போக்குவரத்து அமைச்சகம் சொன்னது 70,000 யென்தான். ஆனால் இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை. விபத்தில் இறந்தவரின் இழந்த வருமானத்தைக் கூட்டினால், சம்பாதிக்காத முதியவரின் உயிருக்கு விலையே இல்லாமல் போகும். உஸாவா அந்த வழியையே விட்டார். நடப்பவருக்கு ஆபத்தில்லாதபடி டோக்கியோ சாலைகளை அகலப்படுத்த என்ன ஆகும் என்று பார்த்தார்: கார் ஒன்றுக்கு 1 கோடியே 20 லட்சம் யென். 20 லட்சம் அந்த முதலின் ஆண்டுச் சுமை. மறுக்க வேண்டுமானால் சாலை அகலத்தையும் வட்டி வீதத்தையும் கேள்வி கேளுங்கள். முறையில் எனக்குக் குறை தெரியவில்லை.