கரடிக்கு எந்த மாசம்?

கேள்வி: கனடாவில் இருக்கும் என் தங்கச்சி மகன் லைசென்ஸ் எடுத்துக் கருங்கரடி வேட்டைக்குப் போகிறானாம். வசந்தத்தில் போகட்டுமா, இலையுதிர் காலத்திலா என்று என்னைக் கேட்கிறான். மஞ்சள் போடுகிற எனக்கு என்னங்க தெரியும்?
- ஒரு வாசகர், கோபி

பதில்: தோல் வேண்டுமென்றால் மே மாதம். குகையை விட்டு முதலில் வருவது பெரிய ஆண் கரடிகள்தான், குட்டி போட்டது கடைசியில்தான் வரும். மாசக்கணக்கில் பட்டினி கிடந்ததால், புதுப்புல் முளைத்த வெயில் சரிவில் நம்மூர் எருமை மாதிரி தலை தூக்காமல் மேயும். ஜூன் பிறந்தால் மரத்தில் முதுகைத் தேய்த்து முடி கொட்டிப்போகும், தோல் வீண்.

கறிக்கு என்றால் செப்டம்பர். ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்று கொழுத்திருக்கும், பழம் தின்ற கரடிக்கு ருசியும் அதிகம் என்பார்கள். ஆனால் புழு இருக்கும், 71 டிகிரிக்குக் குறையாமல் உள்வரை வேக வேண்டும், நம்மூர் வறுவல் பதமே சரி.

குட்டியோடு நிற்பதைத் தொடக்கூடாது. அப்புறம், லீவுக்கு வந்தால் சத்தியமங்கலம் பக்கம் இந்தப் பேச்சே வேண்டாம், 1972 வனவிலங்குச் சட்டத்தில் நம் கரடி முதல் அட்டவணை, ஜெயில்தான் மாப்பிள்ளைக்கு.