ஆட்டோமேட்டிக் வண்டிக்குத் தனி ஆயில் கூலர்: நாமே மாட்டலாமா?

கேள்வி: அருவங்காட்டில் இருக்கிறேன். போன வருடம் ஏழு பேர் உட்காரும் பழைய ஆட்டோமேட்டிக் டீசல் வண்டி ஒன்று வாங்கினேன். வாரண்டி முடிந்துவிட்டது. சீசன் நேரத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது, பர்லியாறு தாண்டி வண்டிகள் நின்று நின்று நகர்ந்தால், கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்று டேஷ்போர்டில் எச்சரிக்கை வருகிறது. ஆன்லைனில் 4,500 ரூபாய்க்கு, கியர்பாக்ஸ் ஆயிலை ஆற வைக்கும் தனி ஆயில் கூலர் செட் கிடைக்கிறது. ஹோஸ், கிளாம்ப் எல்லாம் அதிலேயே வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் நாமே மாட்டிவிடலாம் என்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: கூலர் வாங்குவதில் தவறில்லை. வீட்டு வாசலில் வைத்து ஆயில் பைப்பை அறுத்து மாட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் உராய்வைக் குறைக்க மட்டும் இல்லை. உள்ளே இருக்கும் கிளட்சுகளை அழுத்திப் பிடிப்பதே அந்த ஆயிலின் அழுத்தம்தான். கூலருக்குப் போகும் ஹோஸ் கழன்றால், என்ஜின் ஓடும்வரை பம்ப் ஆயிலைத் தரையில் கொட்டிக்கொண்டே இருக்கும். சில நிமிடங்கள் போதும். ஆயில் குறைந்ததும் பம்ப் காற்றை இழுக்கும், அழுத்தம் விழும், கிளட்ச் வழுக்கிக் கருகும். தட்டையான ரோட்டில் என்றால் வண்டி இழுக்காமல் நின்றுவிடும், பெரிய செலவு வரும், அவ்வளவுதான். குன்னூரிலிருந்து இறங்கும்போது இது நடந்தால் என்ஜின் பிரேக்கிங், அதாவது கீழ் கியரில் என்ஜினே வேகத்தைப் பிடித்துவைப்பது, போய்விடும். கியரை எல் (லோ) போட்டிருந்தாலும் இரண்டில் வைத்திருந்தாலும் வண்டி நியூட்ரலில் உருளுவதுபோல வேகம் எடுக்கும். முழு பாரமும் கால் பிரேக்கில் விழும். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். அத்தனை இறக்கத்தையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிப் பாதையில் இதை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. கசியும் ஆயில் சூடான சைலன்சர் பைப்பில் பட்டால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

சரி, எச்சரிக்கை ஏன் வருகிறது? ஏற்றத்தில் மெதுவாக நகரும்போது, என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கிக்கொண்டே வேலை செய்கிறது. என்ஜின் சக்தியில் ஒரு பங்கு ஆயிலில் வெப்பமாக இறங்குகிறது. அதனால் காசு கொடுத்துக் கூலர் வாங்கும் முன் சில வேலைகளை முடியுங்கள். பழைய வண்டி என்றால் கியர்பாக்ஸ் ஆயில் ஒருமுறையாவது மாற்றப்பட்டதா என்று சர்வீஸ் ரெக்கார்டில் பாருங்கள். மாற்றிய பதிவு இல்லை என்றால் இப்போது மாற்றுங்கள், கையேட்டில் சொன்ன அதே கிரேடில். வெளியே வரும் ஆயில் கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கூலர் மருந்தாகாது. ரேடியேட்டர் முன்பக்கம் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கிறதா, கூலன்ட் அளவு சரியாக இருக்கிறதா, ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயில் ரேடியேட்டரின் கூலன்ட்டை வைத்தே ஆறுகிறது. அது சரியில்லை என்றால் இதுவும் சூடாகும்.

ஓட்டும் விதத்திலும் கவனம் வேண்டும். ஏற்றத்தில் வரிசையில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து வைக்காதீர்கள். பிரேக்கில் நில்லுங்கள். முன்வண்டி கொஞ்சம் தூரம் போனபிறகு கீழ் கியரில் ஒரே மூச்சாக நகருங்கள். எச்சரிக்கை வந்தால் ஓரம் கட்டி பி-யில் (பார்க்கிங்) போட்டு, என்ஜினை ஐடிலில் ஓட விடுங்கள். ஆயில் சுற்றிக்கொண்டே ஆறும். உடனே ஆஃப் செய்தால் சூடான ஆயில் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆனால் அடியில் சொட்டு விழுவதைப் பார்த்தால் மட்டும் உடனே ஆஃப் செய்யுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் எச்சரிக்கை வந்தால் கூலர் நியாயமான செலவுதான். முதலில் உங்கள் மாடலுக்குக் கம்பெனியே பெரிய கூலர் விற்கிறதா என்று பார்ட்ஸ் கவுண்டரில் கேளுங்கள். விலை கூடினாலும் பைப்பை அறுக்காமல் மாட்டலாம். வெளிச்சந்தை செட் என்றால், உங்கள் பைப்புக்குப் பொருந்தும் அடாப்டர் அதில் இருக்க வேண்டும். மலிவான செட்டுகளில் வழக்கமாக என்ன சொல்கிறார்கள் தெரியுமா? இரும்புப் பைப்பை ஹேக்ஸாவால் அறு, ரப்பர் ஹோஸைச் செருகு, கிளாம்பை முறுக்கு. அறுத்த பைப்பின் முனை வழவழப்பாக இருக்கும். ஹோஸைப் பிடித்துக்கொள்ள ஒரு மேடு இருக்காது. அன்று இறுக்கமாகத் தெரியும். நாலைந்து முறை சூடாகி ஆறியதும் ரப்பர் தளர்ந்து வழுக்கும். இரண்டு கிளாம்ப் போட்டாலும் இதே கதிதான். அறுக்கும்போது விழும் இரும்புத் துகள் உள்ளே போனால், கிளட்சுகளுக்கு ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு பாடியில் சிக்கும். டீசல் ஹோஸும் தண்ணீர் ஹோஸும் இந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டவை இல்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலுக்கு என்றே செய்த ஹோஸ்தான் வேண்டும். கூலரை ரேடியேட்டர் தகடுகளின் ஊடே பிளாஸ்டிக் டேக் நுழைத்துக் கட்டுவதையும் அனுமதிக்காதீர்கள். அதிர்வில் அது ரேடியேட்டரை அரித்து, கூலன்ட் ஒழுக ஆரம்பிக்கும்.

ஊட்டிப் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜனவரி இரவில் அங்கே வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி வரும், உறைபனி விழும். ரேடியேட்டரை முழுக்க ஒதுக்கிவிட்டு ஆயிலை வெளிக் கூலரில் மட்டும் சுற்ற விட்டால், காலையில் ஆயில் சூடேற நெடுநேரம் ஆகும், கியர் முரட்டுத்தனமாக விழும். தெர்மோஸ்டாட் (ஆயில் சூடேறும்வரை அதைக் கூலருக்கு அனுப்பாத வால்வு) உள்ள செட்டாகப் பார்த்து வாங்குங்கள். ஆயில் பழைய ரேடியேட்டர் வழியாகப் போய், பிறகு புதுக் கூலருக்குப் போய்த் திரும்பட்டும்.

மாட்டிய பிறகு நேரே கீழே இறங்காதீர்கள். முதல் ஓட்டம் கேத்திப் பக்கம் ஏற்றத்தில் இருக்கட்டும். நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். இரவு வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வையுங்கள், காலையில் சொட்டு தெரிந்துவிடும்.

இறக்கத்தில் என்றைக்காவது என்ஜின் சுற்று ஐடிலுக்கு விழுந்து வண்டி மட்டும் வேகம் எடுத்தால், அடுத்த வளைவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிரேக் நன்றாகப் பிடிக்கும்போதே அழுத்தி, மலைப் பக்கமாக நிறுத்துங்கள். வண்டி நிற்கும்வரை என்ஜினை அணைக்காதீர்கள், அணைத்தால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். நின்றதும் ஹேண்ட்பிரேக், பி, சக்கரத்துக்குக் கல். அங்கிருந்து வண்டியைக் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள், மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியை வரவழையுங்கள்.

கேள்வி: என்னுடையது ஏ.எம்.டி. கார். எனக்கும் கூலர் தேவையா? (குன்னூர் வாசகி)

பதில்: தேவையில்லை. அது கிளட்சையும் கியரையும் மோட்டார் மாற்றும் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கூலருக்குப் போகும் ஆயில் பைப்பே அதில் கிடையாது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் கிளட்ச் தேயும், அதை மட்டும் தவிருங்கள்.

கேள்வி: கோத்தகிரியில் சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறேன். கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கூலர் மாட்டினேன். சில வாரங்களில் ஹோஸ் கழன்று கியர்பாக்ஸ் போய்விட்டது. “பார்ட்ஸ் நீங்கள் வாங்கி வந்தது, நாங்கள் பொறுப்பில்லை” என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: பொருள் உங்களுடையது, வேலை அவர்களுடையது. கூலி வாங்கிச் செய்த வேலையில் குறை என்றால் அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் புகார் செய்யலாம். பிழைப்புக்காகச் சுயதொழிலாக ஓட்டும் டாக்ஸிக்கும் அந்த உரிமை உண்டு.

கழன்ற ஹோஸையும் கிளாம்பையும் தூக்கிப் போடாதீர்கள், திருப்பியும் கொடுக்காதீர்கள். படம் எடுத்து வையுங்கள். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். பில் இல்லை என்றால் பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் உதவும். முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ், கூடவே 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அப்படியும் தீரவில்லை என்றால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஒர்க்‌ஷாப் கோவையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில் தாக்கல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்டு 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

இதே கூலரை நீங்களே மாட்டியிருந்தால் நிலைமை கடினம். பொருளைத் தவறாகப் பயன்படுத்தினாலோ மாற்றினாலோ விற்றவர் பொறுப்பிலிருந்து விலகச் சட்டத்தில் வழி இருக்கிறது. சாதாரண மோட்டார் இன்சூரன்ஸும் இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது.

கேள்வி: கூலர் மாட்டியதிலிருந்து கியர் தாமதமாக விழுகிறது. கடையில் கிடைக்கும் ஏதாவது சிவப்பு ஆயிலை டாப்-அப் செய்யலாமா? (ஊட்டி வாசகர்)

பதில்: நிறத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள். எல்லாம் சிவப்பாகத் தெரிந்தாலும் கிரேடு வேறு வேறு. சி.வி.டி. (பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) வண்டிக்குத் தனி ஆயிலே உண்டு. கூலரும் ஹோஸும் கொஞ்சம் கூடுதல் ஆயில் பிடிக்கும், அதனால் அளவு குறைந்திருக்கலாம். கசிகிறதா என்று முதலில் பாருங்கள். அளவு பார்ப்பதும் வீட்டு வாசலில் முடிகிற காரியமில்லை. பல புது வண்டிகளில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியே கிடையாது. ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது, என்ஜின் ஓட, வண்டி துல்லியமாகச் சமதளத்தில் நிற்க, ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நம் ஊர் சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவு தப்பாகத்தான் காட்டும். குறைவாக ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், அதிகமானால் நுரைத்து வழியும். லிஃப்டும் ஸ்கேன் கருவியும் உள்ள ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். ஆயில் கிரேடையும் ஊற்றிய லிட்டரையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.