பண்டிகை விடுமுறைக்கு மரப் பொம்மை: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

எங்கள் மரவேலைக் குழு ஆண்டுதோறும் பண்டிகை விடுமுறைக்கு முன்னால், கையில் காசு புரளாத குடும்பங்களுக்குப் பொம்மை செய்து கொடுக்கிறது. இந்த முறை தாங்களும் செய்யப்போவதாகச் சொல்லி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். குழுவைப் பதிவு செய்வது, வரிவிலக்கு வாங்குவதெல்லாம் எனக்கு ஓடாது. அதற்குக் கணக்குப் பிள்ளையைப் பாருங்கள்.

சின்ன உளி: ஐயா, நாங்கள் ஆறு பேர். சனி ஞாயிறுதான் பட்டறை. விடுமுறைக்கு மூன்று மாதம் இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

சீட்டில் ஆரம்பியுங்கள், மரத்தை அப்புறம் பார்க்கலாம். அந்தக் குடும்பங்கள் ஏற்கெனவே நம்பும் ஒருவரைப் பிடியுங்கள்: பள்ளி ஆசிரியரோ, வீடு வீடாகப் போகும் செவிலியரோ. பெயர், முகவரி எதுவும் கேட்காதீர்கள். "ஒன்றரை வயது இரண்டு, நாலு வயது ஐந்து, பதிமூன்று வயது ஒன்று" என்று எழுதிய துண்டுச் சீட்டு போதும்.

பிறகு ஒரே ஒரு வண்டியைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆளுக்கொரு வடிவம் ஆரம்பித்தால் விடுமுறையன்று கையில் பாதிப் பொம்மைகள்தான் இருக்கும். 25 வண்டி என்றால் 100 சக்கரம், 50 அச்சு. சக்கரத்தைத்தான் முதலில் முடிக்க வேண்டும், அதுதான் ஆளைச் சோர வைக்கும் வேலை. ஹோல் சா (துளைக்கருவியில் மாட்டி வட்டமாக அறுக்கும் ரம்பம்) போட்டு அறுத்தால் நடு ஓட்டை தானாக விழுந்துவிடும். 10 மில்லிமீட்டர் அச்சுக்கு வண்டியில் 11 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்கள். சக்கரம் மட்டும் அச்சில் இறுக்கமாக உட்கார வேண்டும், பசையும் அங்கே மட்டும்தான். வண்டி ஓட்டைக்குள் ஒரு சொட்டு இறங்கினாலும் மறுநாள் சக்கரம் சுற்றாது. முதல் ஆண்டு நாற்பது வண்டியில் இதைக் கற்றுக்கொண்டேன். இப்போது அச்சின் நடுவில் மெழுகு தேய்த்த பிறகுதான் பசைப் புட்டியையே திறக்கிறேன்.

மரத்தூசி: குழந்தை வாயில் வைக்கும். எந்த பாலிஷ் போடுவது அண்ணே?

தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வார்னிஷ், பொம்மைக்கு ஏற்றது என்று டப்பாவிலேயே போட்டிருப்பதை வாங்குங்கள். காய்ந்தது என்று தொட்டுப் பார்த்துச் சொல்லாதீர்கள். டப்பாவில் போட்டிருக்கும் நாட்கள் முழுதும் ஆகட்டும். அவலரக்கை (ஷெல்லாக்) சாராயத்தில் கரைத்துப் பூசும் பழைய முறையும் நல்லதுதான், மாத்திரைக்கு மேல் பூச்சாகவே அரக்கு போடுகிறார்கள். ஆனால் எச்சில் ஊறினால் வெளுத்துப்போகும். ஆகவே சப்பும் வயதுக்கு அது வேண்டாம். வால்நட் மாதிரிக் கொட்டை எண்ணெய்களும் வேண்டாம், எந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒவ்வாமை என்று நமக்குத் தெரியாது. பரணில் கிடக்கும் பழைய பெயின்ட் டப்பாவைத் தொடவே தொடாதீர்கள். அமெரிக்காவில் பொம்மைப் பெயின்ட்டில் ஈயத்துக்கு வைத்திருக்கும் வரம்பு பத்து லட்சத்தில் 90 பங்கு. பழைய டப்பாவில் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது.

ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் கவனியுங்கள். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். குவியலாகக் கிடந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

புது ரம்பம்: யானைப் பொம்மைக்குக் கண்ணாகக் கறுப்பு மணி ஒட்டலாமா?

கூடாது. மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கும் பொம்மையில் தனியாகக் கழன்று வரக்கூடிய எதுவும் சிறியதாக இருக்கக் கூடாது. இதற்கு ஓர் அளவுக்குழல் உண்டு. குறுக்களவு 31.7 மில்லிமீட்டர், அடிப்பக்கம் சரிவு, ஆழம் 25.4-இல் தொடங்கி 57.1 வரை போகும். அழுத்தாமல் அதற்குள் முழுசாக அடங்கும் துண்டு, தொண்டைக்குள்ளும் அடங்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மரத்துண்டில் நாமே குடைந்துகொள்ளலாம், எங்கள் பட்டறையில் கதவோரம் கயிற்றில் தொங்குகிறது. கண்ணுக்குச் சூட்டுக்கோலால் ஒரு புள்ளி வையுங்கள், போதும்.

விரல் போகும் சந்துகளையும் பாருங்கள். அசையும் இரண்டு பாகங்களுக்கு நடுவில் 5 மில்லிமீட்டர் குச்சி நுழைந்தால் 12 மில்லிமீட்டர் குச்சியும் நுழைய வேண்டும். விரலே நுழையாத சந்து, இல்லை தாராளமான சந்து. நடுவாந்தரமாக இருந்தால் நசுக்கிவிடும்.

பெட்டிப்பலகை: சரக்கு அடுக்கும் பேலட் பலகையைப் பிரித்துச் செய்தால் செலவு மிச்சம்தானே?

மிச்சம்தான். முத்திரையைப் பாருங்கள். HT என்று இருந்தால் சூடுகாட்டிய மரம், MB என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. இரண்டாவதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முதலாவதிலும், அந்தப் பலகைமேல் என்ன கொட்டியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அலமாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சப்பும் பொம்மைக்கு வேண்டாம்.

ஊசிநூல்: துணிப் பொம்மைக்கு?

தையல் தெரிந்தவரைக் கேளுங்கள். என் பங்குக்கு ஒன்று: பொத்தான் கண் வேண்டாம், நூலால் தையுங்கள்.

கிலுக்கி: ஐயா, கிலுகிலுப்பைக்கு எந்த பாலிஷ்?

மரத்தூசிக்குச் சொன்னதேதான்.

மின்மினி: வண்டிக்கு முன்விளக்கு வைத்தால் பிள்ளைகள் குதிப்பார்கள். பொத்தான் பேட்டரி போதும்...

வேண்டாம். அந்தத் தட்டையான லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் சதையைப் புண்ணாக்கிவிடும். குட்டிக் காந்தமும் இந்த வரிசைதான். இரண்டை விழுங்கினால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். வண்டிக்கு விளக்கு இல்லாவிட்டால் பிள்ளையே "பீம் பீம்" என்று ஓட்டிக்கொள்ளும்.

மூலைமட்டம்: மூன்று மாதம் உழைக்கிறோம். நாங்களே நேரில் போய்க் கொடுத்து இரண்டு படம் எடுத்தால் என்ன தப்பு? மரம் வாங்கித் தந்தவருக்குக் காட்ட வேண்டாமா?

முதல் ஆண்டு நாங்களும் அப்படித்தான் போனோம், ஒரே நிறச் சட்டையில் எட்டுப் பேர். ஒரு பையன் லாரியை வாங்கியதும் திரும்பி அப்பாவிடம் தூக்கிக் காட்டினான். அவர் சிரித்தார். ஆனால் வலது கை சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது. நாங்கள் படம் எடுத்து முடிக்கும்போது பொத்தான் அவர் கையோடு வந்துவிட்டது. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் வைத்துக்கொண்டே எங்களுக்கு நன்றி சொன்னார்.

மறு ஆண்டிலிருந்து ஒரு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பிவிடுவோம். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பெற்றோர் வந்து பார்த்து எடுத்துப் போவார்கள். தாளும் நூலும் கொடுப்போம், கட்டுவது அவர்கள். பொம்மையில் குழுவின் பெயர் கிடையாது.

மூலைமட்டம்: பிள்ளைகளை முட்டாள் என்று நினைக்கிறீர்களா? எட்டு வயதுப் பையனுக்கு அப்பா கையில் காசில்லை என்பது தெரியாதா?

தெரியும். சின்ன வயதில் எங்கள் வீட்டில் எனக்கும் தெரிந்திருந்தது. அப்பா கையிலிருந்து வாங்கும்போது தெரியாத மாதிரி இருந்துகொள்ள அவனுக்கு ஒரு வழி கிடைக்கிறது. எட்டுப் பேர் சட்டை போட்டு நின்றால் அந்த வழி அடைபடுகிறது.

மூலைமட்டம்: அப்படியானால் அடுத்த ஆண்டு மரத்துக்கு நீங்கள்தான் பணம் தர வேண்டும்.

சின்ன உளி: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது ஐயா. எங்களுக்கு மரம் தருகிறவர் படம் கேட்கிறார்.

படம் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? பட்டறையில் நூறு சக்கரம் காயும் படம், வண்டிகள் வரிசையாக நிற்கும் படம், கடைசியில் காலி மேஜை. எங்களுக்கு மரம் தருகிறவர் அந்தக் காலி மேஜைப் படத்தைத்தான் மாட்டி வைத்திருக்கிறார். முகம் இருந்தால்தான் தருவேன் என்கிறவரிடம் நான் மரம் வாங்க மாட்டேன். மூலைமட்டத்துக்கு இது பிடிக்காது என்று தெரிகிறது. அவர் குழு, அவர் இஷ்டம்.

வாய்ச்சி: சீட்டில் பதின்மூன்று வயது ஒன்று இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது?

இதை யாரும் கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வயதுக்கு வண்டியை நீட்டினால் அவமானம். பூட்டுள்ள சின்னப் பெட்டி ஒன்று செய்யுங்கள், சாவி இரண்டு. நாலைந்து பேர் ஓர் அறையில் படுக்கும் வீட்டில் தனக்கென்று பூட்டிக்கொள்ள ஓரிடம் இருப்பது பெரிய விஷயம். மூலைப் பொருத்தை ஒழுங்காகப் போடுங்கள், அந்த வயதுக் கண்ணுக்கு இடைவெளி தெரியும். சதுரங்கப் பலகையும் நன்றாகப் போகிறது.

முகமூடி: தூசிக்கு மூக்கில் துண்டு கட்டினால் போதாதா?

போதாது. மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே வகைப்படுத்திவிட்டது. நல்ல முகக்கவசமாக வாங்குங்கள்.

வர்ணம்: அண்ணே, பாலிஷ் எது நல்லது?

மேலே ஏறிப் படியுங்கள் தம்பி. போகிற வழியில் எண்ணெய்த் துணியை எங்கே போட்டீர்கள் என்றும் பார்த்துவிடுங்கள்.

புது ரம்பம்: கணக்குத் தப்பி முப்பத்தேழு சக்கரம் மீந்துவிட்டது. என்ன செய்ய?

மேஜையில் ஒரு கிண்ணத்தில் வையுங்கள். சக்கரம் கழன்றாலோ தொலைந்தாலோ வரலாம் என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்புங்கள். எங்களிடம் போன ஆண்டு நாலு பேர் வந்தார்கள். ஓர் அம்மா, மகன் அறியாமல், வண்டியைப் பைக்குள் ஒளித்து எடுத்து வந்தார். பசை காயும்வரை உட்கார்ந்திருந்து வாங்கிப் போனார்.