பீலித் தண்ணியில நைட்ரேட் இல்லன்னா குடிக்கலாமா?

தம்பி, குப்பை மேட்டுக்குக் கீழ இருக்க பீலித் தண்ணியில (ஊத்துலருந்து குழாய் வச்சு விழுற தண்ணி) நைட்ரேட்டே, அதாவது தண்ணியில கரையிற நைட்ரஜன் உப்பே இல்லன்னு ரிப்போர்ட் வந்துச்சு, குடிக்கலாமான்னு கேட்டிருந்தீங்க, தயவுசெஞ்சு இப்ப குடிக்காதீங்க. குப்பைக்குள்ள காத்து போகாது, அங்க சில பாக்டீரியா ஆக்சிஜனுக்குப் பதிலா நைட்ரேட்டத்தான் மூச்சுக்கு எடுக்கும், அது நைட்ரஜன் வாயுவா மேல போயிரும், அழுகுற மரக்கறி நெறைய கெடந்தா கொஞ்சம் அமோனியமா மாறி தண்ணியிலயே நின்னுரும், அழுகல்லருந்து நேராவும் அமோனியா வரும். எங்க லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) மேல கான்ல, அதாவது வடிகால்ல வந்த தண்ணி அப்பிடித்தான், கறுப்பா, கூமுட்டை நாத்தம், காத்து பட்ட எடத்துல செம்மண் நெறத்துல படிஞ்சிருக்கும், அது இரும்பு. அந்த அமோனியா கீழ காத்தோட்டமான ஓடையில திரும்ப நைட்ரேட்டாகும். அதனால நைட்ரேட் இல்லங்கிறதுக்காக தண்ணி சுத்தம்னு ஆகாது, அமோனியாவும் கிருமியும் கட்டாயம் டெஸ்ட் பண்ண சொல்லுங்க. கொதிக்க வச்சா கிருமிதான் சாகும், நைட்ரேட் போகாது. வீட்டுல பால்மா குடிக்கிற கைக்குழந்தை இருந்தா இன்னும் கவனம், மேட்டுக்கு மேல உள்ள ஊத்துலருந்து எடுங்க.